எட்டுத் தறியும் நின்ற சாயங்காலம்

எனக்குக் காது சரியாகக் கேட்காது என்பது எட்டு வயதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. இதில் வீட்டாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சூலூர்ப் பக்கம் தறி ஓட்டும் குடும்பத்தில் பிறந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். வீட்டை ஒட்டிய குடோனில் எட்டு விசைத்தறிகள். அவை ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அப்பாவும் அம்மாவும் உதட்டையும் கையையும் வைத்தே குடித்தனம் நடத்தினார்கள். டீக்கு ஒரு சைகை, நூல் அறுந்ததற்கு ஒரு சைகை, மாமன் வந்திருக்கிறார் என்பதற்கு அப்பாவிடம் ஒரு முகச்சுளிப்பு. நான் நடக்கப் பழகும்போதே உதட்டைப் படிக்கவும் பழகிவிட்டேன். கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் தோளைத் தொடுவார்கள். அங்கே எல்லோரையும்தான் அப்படித் தொடுவார்கள். நான் கத்திக் கத்திப் பேசுவேன். தறிக்காரர் வீட்டில் யார்தான் மெதுவாகப் பேசினார்கள்?

ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் போனபோதுதான் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. எங்கள் டீச்சர் அவிநாசியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை, அதில் எங்களுக்கு வருத்தம்தான். 'சொல்வதை எழுதுதல்' நடத்தும்போது புத்தகத்தோடு வகுப்பைச் சுற்றி நடந்துகொண்டே சொல்வார். என் நோட்டில் முதல் நான்கு சொற்கள் முத்து முத்தாக இருக்கும். அடுத்த நான்கு வரிகள் காலி. பிறகு இரண்டு மறுபடியும் சரியாக இருக்கும். தெரிந்தே எழுத மறுக்கிறேன், திமிர் என்று டீச்சர் நினைத்தார். இரண்டு பாடவேளை முட்டி போட வைத்தார். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. மற்ற பிள்ளைகளும் முறைவைத்து முட்டி போடுவதைப் பார்த்திருந்ததால், இன்று என் முறை போலும் என்று போட்டேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் நான் குனிந்து நோட்டில் பூ வரைந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வகுப்பே என் முதுகுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. திரும்பினேன். டீச்சர் நின்றிருந்தார். நான்கு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம், பக்கத்திலிருந்தவள் சொன்னாள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. கையில் என் பழைய நோட்டுகள் எல்லாம் இருந்தன.

அன்று பள்ளி விட்டதும் அவிநாசி பஸ்ஸைப் பிடிக்காமல் என்னோடு எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தார். பள்ளித் தோட்டத்துக் கொய்யாவைப் பறித்தது தெரிந்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன்.

குடோனுக்குள் நுழைந்ததும் டீச்சர் முதலில் சொன்னது, தறியை நிறுத்துங்கள் என்பதுதான். அது கரண்டு கட்டு உச்சத்தில் இருந்த காலம். இருக்கிற கரண்டில் ஓட்டினால்தான் உண்டு. இருவரின் உதட்டையும் என்னால் படிக்க முடிந்தது.

"ஏனுங்க டீச்சர், இன்னும் ஒரு மணி நேரந்தானுங்க கரண்டு இருக்குது. இப்பப் போயி நிறுத்தச் சொல்றீங்களே?"

"கரண்டு நாளைக்கும் வருமுங்க. இந்தப் புள்ளைக்குப் போற வருசம் திரும்பி வராதுங்க. நிறுத்துங்க."

அப்பா ஒவ்வொன்றாக நிறுத்தினார். என் காலுக்குக் கீழே தரையின் அதிர்வு அடங்கியது. டீச்சர் என்னைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிற்க வைத்தார். எதிரே ஒரு நூல் கடைக் காலண்டர். தண்டனை வீட்டுக்கே வந்துவிட்டது என்று நினைத்தபடி நின்றேன். என் பின்னால் நடந்ததெல்லாம் அம்மா பின்னாளில் சொன்னது. டீச்சர் அப்பாவிடம் என்னைக் கூப்பிடச் சொன்னாராம். அப்பா கூப்பிட்டார். அம்மா கூப்பிட்டாள். "அம்மணீ" என்று என்னைச் செல்லமாக அப்பா ஐந்தாவது தடவை கூப்பிட்டபோது அவருக்குக் குரல் உடைந்துவிட்டதாம்.

தோளில் கை விழுந்தது. திரும்பினால் அப்பாவின் கண் கலங்கியிருந்தது. பயந்துபோய் நான் கத்தினேன்: "நான் மட்டும் பறிக்கலீங்க டீச்சர், எல்லாருந்தான் பறிச்சோம்!"

டீச்சர் ஆஸ்பத்திரி என்றதும் அப்பா பின்வாங்கினார். "பொட்டப்புள்ளைங்க டீச்சர். காதுல மிசினை மாட்டிட்டுத் திரிஞ்சா ஊருக்குள்ள என்ன பேசுவாங்க?"

"ஊரு பேசறது இருக்கட்டுங்க. இவளுக்குக் கேக்கோணுமுல்லங்க? சனிக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன், நீங்க கூட வந்தாப் போதும்."

சொன்னபடியே மூன்று சனிக்கிழமை கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எங்களோடு வந்தார். காது மிஷின் கைக்கு வர ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் டீச்சர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசியதில்லை. எழுதுவார், சாக்பீஸை வைப்பார், முழுதாகத் திரும்புவார், நான் பார்க்கிறேனா என்று பார்ப்பார், அப்புறம்தான் வாயைத் திறப்பார். எனக்கோ அலுப்பாக இருந்தது. டீச்சருக்குக் கழுத்துச் சுளுக்கு என்று வீட்டில் வந்து சொன்னேன். மிஷின் மாட்டிய முதல் நாள் குடோனுக்குள் போய், "இந்தச் சத்தத்துலயா இத்தன நாளும் இருந்தீங்க?" என்று காதைப் பொத்திக்கொண்டு ஓடியவள் நான்.

இன்று சிங்காநல்லூரில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க ஃபோனில் வாடிக்கையாளர்களோடு பேசுவதுதான் என் உத்தியோகம். அந்த டீச்சர் வாய்க்காமல் போயிருந்தால் மந்தம் என்ற பட்டத்தோடு ஐந்தாம் வகுப்பிலேயே நின்றிருப்பேன். இதை நினைக்காமல் ஒரு நாளும் மிஷினை மாட்டியதில்லை.

தறி நின்ற அந்தச் சாயங்காலம் கிளம்பும்போது டீச்சர் மண்டி போட்டு என்னைக் கட்டிக்கொண்டார். அவர் முகம் என் தோளுக்குப் பின்னால் இருந்தது. ஏதோ பேசினார். என் நெஞ்சோடு ஒட்டியிருந்த அவர் நெஞ்சு அதிர்ந்தது மட்டும் தெரிந்தது. என்ன சொன்னார் என்று போன வாரம்தான் அம்மாவிடம் கேட்கத் தோன்றியது.

"'தெரியாம முட்டி போட வெச்சுப்போட்டேன் கண்ணு, டீச்சரை மன்னிச்சுருவியா'ன்னு கேட்டாங்க. நீ பெருசாத் தலைய ஆட்டுனே. அதுக்கப்புறந்தான் அவுங்க முகத்துல சிரிப்பே வந்துச்சு."

எனக்குக் கேட்காது என்று ஊரிலேயே முதலில் கண்டுபிடித்தவர், அந்த நேரத்தில் அதை மறந்துபோய்க் கேட்டிருக்கிறார். புரியாதபோதெல்லாம் தலையாட்டிவிடுவது அப்போது என் வழக்கம். டீச்சர் ஏதோ வீட்டுப்பாடம் சொல்கிறார் என்றுதான் ஆட்டினேன்.