உப்பளத்து ஒன்பது குழிகள்

என் மனைவியின் ஊரில் ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. மரக்காணத்தில் உப்புதானே இருக்கிறது என்கிறார்கள். உப்புப் பாத்திகளுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில் நீளமாக ஒரு புறம்போக்கு கிடந்தது. அதில்தான் இருந்தது. ஒன்பது குழிகள். எழுபதுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், நான் அதில் முழுதாக ஒரு முறை ஆடினேன். எத்தனை அடியில் முடித்தேன் என்பதைக் கடைசியில்தான் சொல்ல முடியும். அந்த எண்ணிக்கையை நம்பி ஒரு லாரிப் பாதை காத்துக்கொண்டிருந்தது.

மைதானத்தை உண்டாக்கியவர் என் மனைவியின் அண்ணன். மெட்ராஸில் ஒரு கோல்ஃப் கிளப்பில் பல வருடம் மட்டைப் பை தூக்கியவர். நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். எங்கள் மேலாளர் அந்தக் கிளப்பில் உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலாவது ஆள் கிடைக்காதபோதெல்லாம் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். குறைந்த அடியில் எல்லாக் குழியிலும் பந்தைப் போடுகிறவர் ஜெயிக்கிற ஆட்டம் அது. நான் சுமாராகத்தான் ஆடுவேன். ஆனால் சரியாக எண்ணுவேன். படிக்கட்டானாலும் தட்டில் விழுந்த இட்லியானாலும் எனக்கு எண்ணாமல் இருக்க வராது. ஒரு நாள் புதருக்குள் பந்தைத் தேடும்போது என் மட்டை பட்டு அது ஒரு சாண் நகர்ந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. வெளியே வந்து, பந்து நகர்ந்ததற்கு அபராதமாக ஓர் அடியைச் சேர்த்துச் சொன்னேன். மேலாளர் என்னைக் கிறுக்கனைப் போலப் பார்த்தார். பை தூக்கியவர் மட்டும் சிரித்தார்.

பிறகு அவர் என் ஊரையும் உறவையும் மெல்ல விசாரித்தார். தூரத்துச் சொந்தம் என்று தெரிந்தது. அவருடைய தங்கையை எனக்குப் பேசினார்கள். இந்த ஆளை எதற்குப் பிடித்தாய் என்று வீட்டில் கேட்டதற்கு, "ஆளு பாக்காத எடத்துலயும் எண்ணுறாரு" என்றாராம். பேச்சு முடிந்து கல்யாணம் கூடிவர ஒன்றரை வருடம் ஆயிற்று. அதற்குள் அவருடைய தகப்பனார் தவறிவிட்டார். உப்பளக் குத்தகையைப் பார்த்துக்கொள்ள அவர் ஊருக்குத் திரும்பினார். கிளப்பில் கழித்துப்போட்ட ஏழு மட்டைகளும் ஒரு பை நிறையப் பழைய பந்துகளும் அவரோடு வந்தன.

தை மாதம் கல்யாணம். பங்குனியில் நாங்கள் முதன்முறையாக அந்த ஊருக்குப் போய்த் தங்கினோம். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, "மாப்ள, காலையில கிரவுண்டுக்குப் போறோம்" என்றார் மச்சான். எனக்கு அப்போது வயிறு சரியில்லை. வெயிலும் ஆகாது. சொல்லிப் பார்த்தேன்.

"வெயிலு மெட்ராஸ்லயுந்தான் இருக்குது. அங்க மெம்பரா இருந்தாதான் ஆடலாம். இங்க ஊர்ல யாரு வேணும்னாலும் ஆடலாம். ஆனா ஒண்ணு, அங்க சாம்பியன்ஷிப்புக்கு இருக்கிறதுலயே கஷ்டமான குழிங்க இருக்கில்ல, அதுங்களை மட்டும் பொறுக்கியெடுத்து இங்க எறக்கிட்டேன்."

சவுக்குக் கம்புகளில் பழைய சேலைக் கிழிசல்களைக் கட்டிக் கொடியாக நட்டிருந்தார். பால் பவுடர் டப்பாக்களைப் புதைத்துக் குழியாக்கியிருந்தார். குழியைச் சுற்றிப் புல் இருக்க வேண்டிய இடத்தில்தான் அவருடைய கைத்திறன் தெரிந்தது. உப்பு எடுக்கும் முன்னால் பாத்தியின் தரையை ஆட்கள் நாள் கணக்கில் காலால் மிதித்து இறுக்குவார்கள். அதே களிமண், அதே ஆட்கள், அதே மிதி. தரை சிமெண்டாக இறுகி, மேலே உப்புப் பூத்து, கண்ணாடி போல வழுக்கியது. அதில் விழுந்த பந்து எங்கேயும் நிற்காது. போதாததற்குக் கிழக்கேயிருந்து கடல் காற்று.

இந்த அழகான இடத்தின் குறுக்கே முளைக்குச்சிகள் அடித்திருந்ததை மறுநாள் காலையில் பார்த்தேன். எண்ணினேன், இருபத்திரண்டு. உப்பு ஏற்ற லாரி உள்ளே வருவதற்குப் பாதை போடப்போகிறார்களாம். உப்பள உற்பத்தியாளர்களுக்குத் தலைவராக இருந்த பெரியவர் அங்கே குடை பிடித்து நின்றிருந்தார். பாதை எங்கே போவது என்பது அவர் கையில் இருந்தது.

"தோப்பு ஓரமா சுத்திப் போனா என்னாங்க?" என்று மச்சான் கேட்டார். பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

"ஏம்பா, கோலி ஆடுற எடத்துக்காக லாரி சுத்தி வரணுமா?"

"கோலி இல்லீங்க. மெட்ராஸ்ல பெரிய மனுசங்க ஆடுறது. அவங்களே இங்க வந்தா தடுமாறிப் போவாங்க."

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவருதான மெட்ராஸ்ல ஆடுறவரு? ஆடட்டும். ஒம்போது குழியும் எத்தனை அடியில முடிக்கணும்?"

"கெட்டிக்காரன் முப்பத்தாறுல முடிக்கலாம். என் தரையில நானே அம்பதுக்குக் கொறைஞ்சதில்லை."

"சரி. மாப்ள அறுபதுக்குள்ள முடிச்சிட்டா இது சின்னப்பசங்க ஆட்டம். பாதை நேரா போவும். அறுபதைத் தொட்டாரு, இல்ல தாண்டினாருன்னா சுத்திப் போவட்டும். என்னா சொல்றே?"

மச்சான் ஒப்புக்கொண்டார். என்னை யாரும் கேட்கவில்லை. கூட்டம் சேர்ந்துவிட்டது. வரப்பின் மேல் பெண்களோடு நின்றிருந்த என் மனைவி அருகே வந்து, தண்ணீர்ச் சொம்பைக் கொடுக்கிற சாக்கில் தணிந்த குரலில் சொன்னாள்: "ஏங்க, நல்லா ஆடுங்க. மாப்ளைக்கு ஒண்ணும் வரலைன்னு இந்த ஊரு அடுத்த பங்குனி வரைக்கும் பேசும்."

நன்றாக ஆடினால் மச்சானின் மைதானம் போகும். மோசமாக ஆடினால் என் மானம் போகும். வேண்டுமென்று மோசமாக ஆடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மச்சான் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"மாப்ள, எனக்காக ஒரு அடிகூட விட்டுக் குடுக்கக் கூடாது. என் கிரவுண்டு அதுவா செயிக்கணும்."

அது செயித்துக்கொண்டுதான் இருந்தது. முதல் குழிக்கே ஆறு அடி. இரண்டாவதில் ஐந்து. மூன்றாவதில் பந்து மிதித்த தரையில் இந்தப் பக்கம் ஓடி, அந்தப் பக்கம் ஓடி, எட்டாயிற்று. ஒவ்வொரு முறை அது குழியைத் தாண்டி ஓடும்போதும் மச்சானின் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். உடனே என் பக்கம் திரும்பி வருத்தப்படுவார். இரண்டும் உண்மையானவை. நாலாவதில் ஐந்து, ஐந்தாவதில் ஏழு. ஆறாவதை நாலே அடியில் முடித்தபோது வரப்பில் என் மனைவி கை தட்டினாள். பெரியவர் முளைக்குச்சிகளைப் பார்த்தார். ஏழாவதில் காற்று என் பந்தை மூன்று முறை சவுக்குத் தோப்புக்குள் தள்ளியது. ஒன்பது. எட்டாவதில் ஆறு.

"அம்பது" என்றேன். யாரும் மறுக்கவில்லை. கடைசிக் குழியை ஒன்பது அடிக்குள் முடித்தால் பாதை நேராகப் போகும்.

கடைசிக் குழிக்குப் போகும் வழியில் இடப்பக்கம் உப்புக் குவியல்கள். வலப்பக்கம் ஆள் உயர ஆழத்தில் வற்றிய வாய்க்கால். முதல் அடி நன்றாகப் போனது. இரண்டாவது காற்றில் இழுத்துக்கொண்டு போய்க் குவியல் ஒன்றின் மேல் விழுந்தது. வெள்ளைப் பந்து உப்பில் தொலைந்துவிடும் என்று மச்சான் பந்துகளுக்குக் காவி பூசி வைத்திருந்தார். எட்டுக் குழிகளில் அந்தக் காவி முழுக்க உதிர்ந்திருந்தது. கீழே நின்றபடி தேடினேன். தெரியவில்லை. குவியலின் மேல் இரண்டு எட்டு ஏறினேன்.

"யாருடா அது, பூட்ஸ் காலோட உப்பு மேல!"

என் மனைவியின் பெரியம்மா. அந்தக் குவியல் அவருடையது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். நான் என்று தெரிந்ததும் குரல் இறங்கியது, கோபம் இறங்கவில்லை.

"மாப்ளயா? மாப்ளயா இருந்தா என்னா, லட்சுமி மேலயா ஏறுவாங்க? எறங்கு, எறங்குங்க!"

இறங்கினேன். உப்பை யாரும் மிதிப்பதில்லை என்று எனக்கும் தெரியும். வீட்டில் சிந்தினாலே தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். மலை போலக் குவிந்திருந்தபோது அது உப்பு என்று தோன்றாமல் மணல்மேடு என்று தோன்றிவிட்டது.

"குவியல்ல விழுந்தா அதுக்குச் சொந்தக்காரங்கதான் எடுத்து வைக்கணும் மாப்ள" என்றார் மச்சான். "அவங்க வெச்ச எடத்துலேர்ந்து ஆடணும். அடி கணக்கில்ல. அது இந்த ஊரு சட்டம்."

பெரியம்மா பந்தை எடுத்தார். குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். என் மனைவி வரப்பிலிருந்து, "பெரீம்மா, கிட்ட வையி!" என்று கத்தினாள்.

"வெக்கிறேன், வெக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே மரப்பாலத்தைத் தாண்டி வாய்க்காலின் அந்தக் கரைக்கு நடந்துபோய், அங்கே ஒரு முள்செடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். கூட்டம் கூவியது.

மூன்றாவது அடியில் பந்து முள்செடியை விட்டு வெளியே வந்தது. நாலாவது வாய்க்காலுக்குள் விழுந்தது. நான் உள்ளே இறங்கினேன். அடியில் இன்னும் ஈரச் சேறு இருந்தது. பந்து பாதி புதைந்து கிடந்தது. மேலே நின்றவர்களுக்கு என் தலைமுடிகூடத் தெரிந்திருக்காது. மச்சான் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு கரையின் விளிம்பில் குனிந்து நின்றார். ஐந்தாவது அடிக்குச் சேறு தெறித்தது, பந்து அசைந்து அங்கேயே கிடந்தது. ஆறாவதற்கும் அப்படியே. ஏழாவது அடியில் மேலே பறந்தது. மேலேயிருந்து ஓர் ஆரவாரம் கேட்டது. எட்டாவது, மிதித்த தரையில் ஏறி மறுபக்கம் ஓடியது. ஒன்பதாவது, இந்தப் பக்கம் ஓடியது. பத்தாவது, குழிக்கு ஒரு முழம் தள்ளி எப்படியோ நின்றது. பதினொன்றில் டப்பாவுக்குள் விழுந்து டங் என்றது.

கூட்டம் உரக்கக் கணக்குப் போட்டது. குவியலுக்கு ரெண்டு, முள்செடி ஒண்ணு, வாய்க்காலுக்குள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணு, தரையிலே நாலு.

"ஒம்போது" என்றார் ஒருவர். "ஆக மொத்தம் அம்பத்தொம்போது!"

"அம்பத்தொம்போதா?" பெரியவர் மச்சானிடம் திரும்பினார். "நீதான்பா கிட்ட நின்னே. நீ சொல்லு."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் முழங்கால் வரை சேறாக நின்றிருந்தேன். காலையில் இஸ்திரி போட்ட வேட்டியை மடித்துக் கட்டியிருந்தேன், அதுவும் சேறு. பிறகு வரப்பில் நின்ற தங்கையைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றார். "அம்பத்தொம்போதுதான். என் மாப்ள நல்லா ஆடிட்டாரு."

அதைச் சொன்னபோது அவர் குழிக்கொடியைப் பார்க்கவில்லை. கிழிசல் சேலை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தலைவரின் ஆள் ஒருவன் முளை அடிக்கும் சுத்தியலை எடுத்துக்கொண்டான்.

"அறுபத்தொண்ணு" என்றேன்.

"விடுங்க மாப்ள."

"வாய்க்காலுக்குள்ள ரெண்டு அடி வீணா போச்சு. இவங்க யாரும் பாக்கல. நீங்க பாத்தீங்க மச்சான்."

"எனக்குச் சரியாத் தெரியலை மாப்ள."

அவர் அன்றைக்கு மாப்பிள்ளையோடு வெளியே போகிறோம் என்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நான் கிட்டே போய் அவர் நெஞ்சில் விரல் வைத்தேன். சட்டையில் பெரிய சேற்றுக் கறை ஒன்று. அதற்குச் சற்றுக் கீழே இன்னொன்று.

"இது அஞ்சாவது அடி. இது ஆறாவது."

கூட்டம் அந்தக் கறைகளைப் பார்த்தது. பெரியம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். பெரியவர் மட்டும் சிரிக்காமல் குடையை மடக்கி வைத்துவிட்டு, என் கையிலிருந்த மட்டையை வாங்கினார்.

"அப்படி என்னாதான் கஷ்டம்னு பாக்குறேன்."

பந்தைத் தரையில் வைத்து ஓங்கி வீசினார். காற்றில் சத்தம் வந்தது. பந்து அப்படியே இருந்தது. இன்னொரு முறை. அதுவும் படவில்லை. மூன்றாவது வீச்சில் துண்டு கழுத்திலிருந்து விழுந்தது. பந்து நகரவில்லை.

"இது சும்மாங்க, கணக்கில்ல" என்றார் மச்சான், மரியாதையாக.

"மூணு" என்றேன் நான்.

பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு உண்மையில் அப்போது ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தன் ஆளைப் பார்த்து, "டேய், முளையெல்லாம் புடுங்கு. தோப்பு ஓரமா அடிக்கலாம்" என்றார். போகும்போது மச்சானிடம், "நாளைக்குக் காலையில வர்றேன், மட்டையை எடுத்து வை" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மச்சான் பந்தை எடுத்துத் துடைத்துப் பையில் போட்டார். திரும்பி நடக்கும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டார். வீடு வரும்வரை எடுக்கவில்லை. அவருடைய கை கனமானது. எனக்கு அந்தத் தோளில் ஏற்கெனவே வலி. சொல்லவில்லை.

அந்த ஊரில் அதற்குப் பிறகு எனக்கு வேறு பெயர் கிடையாது, அறுபத்தொண்ணு மாப்ள. மனைவி ஒரு வாரம் வருத்தமாக இருப்பதாகக் காட்டிக்கொண்டாள். ஆனால் கிணற்றடியில் அண்ணனின் வெள்ளைச் சட்டையைத் துவைத்தவள் அவள்தான். சட்டை வெளுத்ததா என்று கேட்டேன்.

"எங்க வெளுத்துது? ரெண்டும் அப்படியே இருக்குது" என்று பிழிந்து உதறி, கொடியில் போட்டாள்.