புள்ளி வைக்காத சொல்

மகளுக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியாமல் போன வருஷம், மாட்டுங்காவில் கண் வைத்திய வரலாற்றுக்கென்று ஒரு சங்கம் இருப்பதையும், பழைய தமிழ்ச் சுவடியை வாசித்துச் சொல்ல அவர்கள் ஆள் தேடுவதையும் கேள்விப்பட்டேன். நான் தாராவியில் தமிழ் டீச்சர். வரலாற்றில் எனக்கு அக்கறை கிடையாது. உறுப்பினர்கள் கண் டாக்டர்கள் என்பதற்காகத்தான் போனேன். பெரிய ஆஸ்பத்திரியில், ஈரலும் கீரையும் கொடுத்துச் சரியாகிற மாலைக்கண் இல்லை இது என்று சொல்லி, ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். பழைய வைத்தியத்தில் ஏதாவது இருக்காதா என்ற நப்பாசை.

ஞாயிறு காலையில் ஒரு டிஸ்பென்சரியின் மாடியில் கூடுவார்கள். ஓய்வுபெற்ற ஐந்தாறு டாக்டர்கள். செயலாளர் மட்டும் தமிழர். நான் வாசிப்பதை மற்றவர்களுக்கு அவர் ஆங்கிலத்தில் சொல்வார். ஒரு ஞாயிறு மகளையும் கூட்டிப்போனேன், கூட்டம் முடிந்ததும் அவரிடம் காட்டலாம் என்று.

"வாங்கோ டீச்சர். இன்னிக்குத்தான் சங்கத்துல சராசரி வயசு கொறைஞ்சிருக்கு" என்று சிரித்தார்.

சுவடியை யாரோ எழுத்துக்கு எழுத்து நோட்டில் பெயர்த்தெழுதியிருந்தார். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, நோட்டிலும் வைக்கவில்லை. அன்று வந்த பக்கத்தில் என் மகள் இருந்தாள். அந்தியில் இருள். பகலில் மூங்கில் குழாய் வழியே பார்ப்பதுபோல் நேரே மட்டும் பார்வை. அதன் கீழே 'நோயசாததியம' என்று இருந்தது. வைத்திய நூலில் சாத்தியம் என்றால் தீரும். அசாத்தியம் என்றால் தீராது.

"நோய் சாத்தியம்" என்று வாசித்தேன்.

செயலாளர் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். "நோய் அசாத்தியம்னும் பிரிக்கலாமே?"

"பிரிக்கலாம் சார். 'ய'வுக்குப் புள்ளி வச்சா சாத்தியம், வைக்கலைன்னா அசாத்தியம். ஏட்டுல ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

"மத்த நோய்க்கெல்லாம் கீழே மருந்து போட்டிருக்கான். இதுக்கு?"

பக்கத்தைப் புரட்டினேன். அடுத்த நோய் தொடங்கியிருந்தது.

"இல்ல சார்."

"அப்போ அசாத்தியம்தான். தெரியாததைத் தெரியாதுன்னு விட்டிருக்கான் பாருங்கோ. பலே!"

அதை அவர் ஆங்கிலத்தில் சொன்னதும் பெரியவர்கள் மேஜையைத் தட்டிப் பாராட்டினார்கள். மகளை அவரிடம் காட்டாமலே எழுந்து வந்துவிட்டேன்.

என் சேலையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். ஸ்டேஷன் பாலத்தில் ஏறும்போது கேட்டாள்.

"எம்மா, அந்த சார் சொன்னது என் நோயவா?"

"இல்லட்டி. அது அந்தக் காலத்து நோயி."

"அப்பம் நீ ஏன் சாத்தியம்னு வாசிச்சே?"

பிரித்து எழுதுக என்று தினமும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான். மருந்து எழுதாமல் விட்டிருந்ததை அவர் கேட்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன். லோக்கல் ரயில் வந்தது, ஏறிவிட்டோம்.

அதற்குப் பிறகு சங்கத்துக்குப் போகவில்லை. ஆறு மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, வரமாட்டேன் என்று அவள் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.