தாம்போதி வாயில் ஒரு சிவப்புத் துவாய்

அந்தோனியண்ணை போய்விட்டார் என்பதை என் மகன் சுதன்தான் அழுதுகொண்டு வந்து சொன்னான். அந்த வீட்டார் என்னை விட்டுவிட்டு அவனுக்கு முதலில் அறிவித்திருக்கிறார்கள். துக்கத்துக்கு முன்னர் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் இருவரையும் அறிந்தவர்களுக்கு இது புதினமாக இராது.

நாங்கள் அம்புலன்ஸ் சாரதிகள். அவர் புங்குடுதீவில், நான் வேலணையில். நடுவே இரண்டு தீவையும் இணைத்துக் கடலுக்குள்ளால் போகும் ஒடுங்கிய தாம்போதித் தெரு. அதில் விபத்தென்றால் எங்கள் சனத்துக்கு இருப்புக் கொள்ளாது. டிராக்டர், வான், மோட்டார்சைக்கிள் எல்லாம் இரண்டு பக்கத்தாலும் உள்ளே பாயும். நாங்களும் பாய்வோம். ஒருமுறை இருவருடைய வண்டிகளும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நிற்க, பின்னால் அடைபட்ட வாகனங்களைத் தாண்டி, அடிபட்டவரைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதன்பிறகு அவர் பொலிசோடும் பஸ்காரரோடும் கதைத்து ஓர் ஒழுங்கு வைத்தார். பெரியாஸ்பத்திரி இருப்பது வேலணைப் பக்கம். ஆகவே அந்தப் பக்கத்தால் ஒரேயொரு அம்புலன்ஸ் உள்ளே போகும். தாம்போதியின் புங்குடுதீவு வாயை அவர் தன் தோளில் கிடக்கும் சிவப்புத் துவாயை விரித்து மறித்து நிற்பார். “ஒருத்தன் ஓட, ஒருத்தன் மறிக்க வேணும் தம்பி. மறிக்கிறவனுக்குப் பேர் கிடையாது” என்பார். நல்ல கதை! காயக்காரரை ஏற்றி இறக்கினது நான், சனம் கும்பிட்டது அவரை. வயிறு எரியாதா?

சமாதான காலத்தில் ஒருநாள், நோயாளி ஒருவரைப் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் இறக்கிவிட்டுத் திரும்புகிறேன். தாம்போதி வாயில் துவாய்.

“ஆர் அண்ணை அடிபட்டது?”

“சுதன்.”

நான் வண்டியை எடுப்பதற்குள் அவர் யன்னலுக்குள் கையை விட்டு வண்டித் திறப்பைப் பிடுங்கினார்.

“விடுங்கோ, என்ரை பிள்ளை!”

“அதுக்குத்தான் மறிக்கிறன். ஊர்காவற்றுறை அம்புலன்ஸ் வேலணைப் பக்கத்தாலை உள்ளுக்கு வந்திட்டுது. நீர் போனா உமக்குப் பின்னாலை எல்லாரும் வருவாங்கள், அது திரும்பேலாது. இறங்கி ஓடும்!”

ஓடினேன். நான் போய்ச் சேர, சுதனை ஏற்றிய வண்டி திரும்பி நின்றது. பின்கதவைப் பிடித்து ஏறிக்கொண்டேன்.

பிழைத்தவன், “என்னைக் காப்பாத்தினது அந்தோனி மாமா” என்றுதான் இன்றுவரை சொல்கிறான். மூச்சிரைக்க ஓடிவந்த அப்பன் அவன் கதையில் இல்லை.

செத்தவீட்டில் அண்ணையின் மனைவி அந்தத் துவாயைக் கொண்டுவந்து சுதனிடம் நீட்டினார். நான் எட்டி வாங்கிவிட்டேன்.

“அப்பா, அது எனக்குத் தந்தது.”

“உனக்கு அவர் உயிரைத் தந்திட்டார். இது எனக்கு.”

துவாய் என் அலுமாரிக்குள் இருக்கிறது. சுதன் இன்னும் கேட்கிறான். நான் கொடுக்கமாட்டேன்.