குப்பைப் பள்ளத்தின் மேல் ஒரு வீடு

2006, ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்குக் கோயம்பேட்டில் பஸ் ஏறினேன். திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி நூற்று அறுபது கிலோமீட்டர். குப்பைமேடுகளில் கசியும் மீத்தேன் வாயுவை அளப்பது என் பிழைப்பு. அதற்காகப் பிறந்த ஊருக்கே அனுப்புவார்கள் என்று நினைக்கவில்லை. வழியெல்லாம் எனக்குள் சிரித்துக்கொண்டே போனேன்.

மாலை நான்கு. வேலை முடிந்து, நான் வளர்ந்த மூலக்குளத்துக்கு ஆட்டோ பிடித்தேன், நாற்பது ரூபாய். பள்ளத்துப் பக்கம் போகவேண்டும் என்றேன்.

"பள்ளம் ஏது சார், இப்ப எல்லாம் வீடுதான்," என்றார் ஓட்டுநர்.

சிறுவயதில் நானும் நண்பன் ஏழுமலையும் மழைக்காலத்தில் நீச்சல் பழகிய பள்ளம் அது. கால்சட்டை காயும்வரை வீட்டுக்குப் போகமாட்டோம். அந்தத் தண்ணீரை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. பிறகு ஊர்க் குப்பையால் அதை நிரப்பி, மேலே மண் கொட்டி, மனை போட்டுவிட்டார்கள். மில் வேலை போனபின் ஏழுமலை வீடு கட்டியது அங்கேதான்.

ஐந்தரை. ஏழுமலைக்குத் தலை நரைத்திருந்தது, சிரிப்பு மட்டும் அதேதான். மழை பெய்தால் சுவரோரம் தண்ணீரில் குமிழ் குமிழாக வருகிறது, கீழே நல்ல ஊற்று இருக்கிறது என்று அவன் மனைவி தனம் பெருமையாகச் சொன்னாள். அது ஊற்றல்ல, குப்பையின் வாயு என்று எனக்குப் பட்டது. அதற்குள் அவள் ஜன்னல்களைச் சாத்திவிட்டுச் வாசல் அடுப்பிலிருந்து சாம்பிராணிக்குத் தணல் எடுக்கப் போனாள். குப்பை நாற்றம் போக வெள்ளிதோறும் அப்படித்தானாம். அடைத்து வைத்தால்தான் புகை உள்ளே நிற்குமாம்.

பையிலிருந்த கருவியைத் தரை விரிசலில் வைத்தேன். உடனே கத்தத் தொடங்கியது.

"தணல உள்ள கொண்டாராத, தங்கச்சி," என்றேன்.

இந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது, மூடிய அறையில் சேர்ந்தால் ஒரு பொறி போதும் என்று விளக்கினேன். வெளியே போனால் உலகத்துக்குச் சூடு, உள்ளே நின்றால் இவர்களுக்கு ஆபத்து. இத்தனை வெள்ளி தப்பியதே அதிர்ஷ்டம்.

ஏழுமலை தரையையே பார்த்தான். "இருந்ததெல்லாம் போட்டுக் கட்டிட்டேன்டா. இனிமே எங்க போறது?"

அதிகாரிகளுக்கு எழுதுகிறேன் என்றேன். எனக்கே அது போதவில்லை. தனம் ஜன்னல்களை மறுபடி திறந்தாள். "நாத்தம் வந்தா வரட்டும்ண்ணே," என்று அடுப்பை இன்னும் தள்ளி வைக்க வாசலுக்குப் போனாள்.

ஏழு மணி பஸ்ஸில் உட்கார்ந்தபிறகுதான் ஞாபகம் வந்தது. நாங்கள் வீட்டைக் காலி செய்து சென்னைக்குக் கிளம்பிய அன்று, கிழிந்த பாய், தலையணை, சமையலறைக் குப்பை எல்லாவற்றையும் அந்தப் பள்ளத்தில்தான் கொட்டிவிட்டுப் போனோம். கூடையைக் கவிழ்த்தவன் நான்.