தவளை இதயத்தில் நாலாவது அறை

என் சித்தி விலங்கியல் டீச்சர். பள்ளியில் அவருக்குப் பட்டப்பெயர் தவளை டீச்சர். எதிர் அறையில் தாவரவியல் சார்; அவர் இலை சார். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். எதற்குச் சண்டை என்கிறீர்கள்? குளத்துத் தண்ணீரில் கிடந்த, கண்ணுக்கே தெரியாத யூக்ளினா என்ற ஒரு செல் உயிருக்கு!

"பச்சையா இருக்கு, வெயில்ல சாப்பாடு செஞ்சுக்குது. என்னோடது" என்பார் சார்.

"நீந்துதே! உங்க செடி எது நீந்தும்? என்னோடதுதான்" என்பார் சித்தி.

யூக்ளினா இருந்த ஜாடி இரண்டு அறைக்கும் நடையாய் நடந்தது. அந்தச் சண்டையை இப்போது நினைத்தாலும் மனசு இனிக்கிறது.

அப்புறம் வந்தது இடி. இரண்டு பாடமும் இனி ஒன்றே, உயிர் அறிவியல். செடி, பிராணி, கிருமி, பரம்பரை, காடு எல்லாவற்றுக்கும் ஒரே ஆசிரியர். இருவரும் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். நன்றாக எடுப்பவருக்குத்தான் வேலை. அப்பா இல்லாத என்னையும் அம்மாவையும் சித்தியின் சம்பளம்தான் காப்பாற்றியது. சார் தனிக்கட்டை.

சித்திக்குச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. சாருக்கு ரத்தம் என்றாலே தலை சுற்றும். வேறு வழி? பள்ளி விட்டதும் ஒருவருக்கொருவர் வாத்தியார் ஆனார்கள். நான் வீட்டுப்பாடம் எழுதியபடி சிரிப்பேன்.

"வேர் தண்ணிய உறிஞ்சறதோட நிக்கறதில்ல டீச்சர், மூச்சும் விடும்."

"அடடே, நம்மள மாதிரியேவா!"

கடைசி நாள் மாலை சார் தவளை இதயத்தை வரைந்தார். மூன்று அறை, அச்சு அசல். சித்தி கைதட்டிவிட்டார்.

மறுநாள் எங்கள் வகுப்பில்தான் பரீட்சை. சித்தி வேரைப் பற்றிப் பேசி வெளுத்துக் கட்டினார். அடுத்து சார். அதே தவளை, அதே இதயம். ஆனால் நாலு அறை போட்டார். எனக்கே திக்கென்றது. தலைமையாசிரியர் உதட்டைப் பிதுக்கினார்.

முடிவு தெரிந்ததும் சித்தி அவரை வராந்தாவில் மறித்தார். "நேத்து சரியாத்தானே போட்டீங்க?"

"பதற்றத்துல மறந்துபோச்சு டீச்சர்." பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். "பாப்பா, நல்லாப் படி." பிறகு ஜாடியைச் சித்தி கையில் வைத்தார். "இனி உங்களோடதுதான்."

சித்தி ஓய்வு பெறும்வரை அது ஜன்னலோரம் இருந்தது. அதில் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் திட்டுவார். "மறந்துபோச்சாம்! ஒழுங்கா ஒரு பொய் சொல்லத் தெரியுதா அந்த மனுஷனுக்கு!" கண் கலங்கியிருக்கும்.

பிள்ளைகள் யாராவது, "இது செடியா, பிராணியா டீச்சர்?" என்று கேட்டால், "இலை சாரோடது" என்பார்.