எழுபது வளைவுக்கு மேலே ஒரு மடை

சனிக்கிழமை விடியற்காலையில் மயிலாடுதுறை ஜங்ஷனில் அண்ணன் முருகையன் பத்துக் கிலோ பொன்னி அரிசியோடு வந்து நின்றார்.

"மலைக்கு யாராவது அரிசி தூக்கிக்கிட்டுப் போவாங்களாண்ணே?"

"அங்க எம்பொண்ணு என்னத்தத் திங்கிறாளோ."

அண்ணன் மகள் அபிராமி கொல்லிமலையில், ஒரு பள்ளத்தாக்குப் பள்ளிக்கூடத்தில் ரெண்டு வருஷமாக டீச்சர். இந்த மாதம் மாறுதல் கேட்டால் ஊர்ப் பக்கமே கிடைக்கும். கேட்கமாட்டேன் என்கிறாள். "அவ சம்மதத்த வாங்காம வீட்டுக்கு வராதீங்க" என்று அண்ணி சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணனுக்கு அந்தக் கவலை. அத்தைக்காரி எனக்கு, உள்ளதைச் சொல்கிறேன், மலை பார்க்கப் போகிற குஷி! திருக்கடையூருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் மேடு என்றால் வாய்க்கால் கரைதான்.

திருச்சி வரை ரயில், நாமக்கல்லுக்கு ஒரு பஸ், அங்கிருந்து மலை பஸ். காரவள்ளி தாண்டியதும் வளைவுகள் ஆரம்பம். மொத்தம் எழுபது. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. நான் ஜன்னலில் தலையை நீட்டி ஒவ்வொரு பலகையையும் சத்தமாகப் படித்தேன். அண்ணன் முன் கம்பியைப் பிடித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"டிரைவரு கண்ணத் தொறந்துதான் ஓட்டுறாரு, பயப்படாதீங்க" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

செம்மேட்டில் இறங்கும்போது மணி ஒன்று. ஷேர் ஜீப்பில் ஆளுக்கு நாற்பது ரூபாய், ஒன்பது கிலோமீட்டர். ரோடு முடிந்த இடத்தில் அபி காத்திருந்தாள். அதற்கப்புறம் இரண்டு கிலோமீட்டர் இறக்கம். மிளகுக்கொடி சுற்றிய மரங்கள், நடுவில் ஒரு ஓடை. கல்லுக்குக் கல் தாவித்தான் தாண்ட வேண்டும். அபி துள்ளிப் போய்விட்டாள். நான் "அம்மாடி" என்று ஒரு குதி குதித்து முழங்கால் வரை நனைந்தேன். ஓடை தாண்டித் திரும்பினால் கண்ணெதிரே பள்ளத்தாக்கு, படிப்படியாக வயல்! எல்லாம் பச்சை நாற்று.

"ஏ, இங்கயும் நெல்லா!" அண்ணன் மூட்டையை இறக்கிவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

சாயங்காலம் வரப்போரம் நடந்தோம். மேல் வயலில் மடை திறந்து கிடந்தது, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேட்டூர் தண்ணிக்கு முறை வைத்துக் காத்துக் கிடக்கிற ஆட்கள் நாங்கள். வயலை விட்டுத் தண்ணீர் ஓடுவதைக் கண்டால் கால் தானாகவே போய் அடைக்கும். அபி முன்னால் போய்விட்டாள். அண்ணன் சேற்றைத் தள்ளி, மிதித்து, மடையைக் கெட்டியாக அடைத்தார். நல்ல காரியம் என்றுதான் நானும் நினைத்தேன். அன்று ராத்திரி மழை பெய்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கூச்சல் கேட்டு ஓடினோம். வரப்பு உடைந்து, சேறு அப்படியே சரிந்து கீழ் வயலை மூடியிருந்தது. அது வெள்ளையம்மாவின் வயல். அபி குடியிருப்பது அவர் வீட்டு அறையில்தான். போன வாரம் நட்ட நாற்றில் பாதி சேற்றுக்கடியில்.

"எவன்டா மடைய அடைச்சது?" என்று கத்தினார் வெள்ளையம்மா.

அபி தன் அப்பாவைப் பார்த்தாள். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போனார்.

"நான்தாம்மா. தண்ணி வீணாப் போவுதேன்னு..."

"வீணாவா? மேல ஊத்து நிக்கவே நிக்காதுங்க. வர்ற தண்ணி வந்தபடி எறங்கணும். அடைச்சா எங்க போவும், உங்க ஊருக்கா?"

"எங்க ஊருக்கு வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று வாயை விட்டேன். கோபத்தில் நின்ற வெள்ளையம்மாவே சிரித்துவிட்டார்.

அபி சுடிதாரை முழங்கால் வரை சுருட்டினாள். "அக்கா, மிச்ச நாத்து யாருகிட்ட இருக்கு?" நாலு வீட்டிலிருந்து நாற்றுக்கட்டு வந்து சேர்ந்தது. அவள் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள், யாரோ அவளை "டீச்சரு, குனிஞ்சு நடுங்க" என்று அதட்டுகிறார்கள். ஊரில் சேற்றில் கால் வைக்காத பெண்! நானும் இறங்கினேன். "இந்த அம்மா ரயிலு கணக்கா நடுதே" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அண்ணன் மண்வெட்டியோடு வரப்பை எழுப்பினார். மடை வந்ததும் நின்றார். "இவ்வளவு போதுமாம்மா?"

"இன்னும் ஒரு சாண் விடுங்க."

விட்டார்.

மத்தியானம் வெள்ளையம்மா வீட்டில் சாமைச்சோறு. பொன்னி மூட்டை அவர் வீட்டு மூலையில் இருந்தது. பரிமாறிக்கொண்டே அவர் நேராகக் கேட்டார்: "டீச்சரக் கூட்டிட்டுப் போவத்தான் வந்தீங்களாமே?"

அபியின் கை சோற்றிலேயே நின்றது. அண்ணன் மகளைப் பார்த்தார், அவள் சுடிதாரில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தார்.

"வரப்பு கட்டத்தான் வந்தேன்" என்றார்.

பஸ் மலை இறங்கும்போது அண்ணன் கண்ணை மூடவில்லை. எங்கள் ஊரில் தண்ணீரை வயலுக்குள் கொண்டுவரச் சண்டை போடுவோம். இங்கே அது போக வழி வைத்துவிட்டுத்தான் நடுகிறார்கள். நான் அதை யோசித்துக்கொண்டிருந்தபோது சிக்னல் வந்து, அண்ணனின் போன் அடித்தது. அண்ணி.

"என்ன சொன்னா?"

"நான் கேக்கல."

அண்ணன் ஜன்னல் வழியே மேலே பார்த்தார். "ஒரு வயலு நட்டிருக்கோம். புடிச்சிருச்சான்னு பாக்கணும். அறுப்புக்கு நீயும் வா."

ரெண்டு வளைவு போயிற்று. அப்புறம்தான் அண்ணி கேட்டார்.

"அங்க ரொம்பக் குளிருமா?"