உடுமலைக்காரர் வாங்கிப்போன ஃபைல்

மனநல கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவளுக்கு முதல் தகுதி, யாரையும் எங்கேயும் பார்த்ததே இல்லை என்று முகத்தை வைத்துக்கொள்வதுதான். கல்யாணப் பந்தியில் என்னைக் கண்டதும் இடம் மாறி உட்காருகிறவர்கள் உண்டு. என்னைப் போல் டோக்கன் கொடுத்துக் காலம் தள்ளுகிறவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

ஊருக்குப் போனவர்

உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் அவர். மனைவி இறந்தபின் தூக்கமும் பேச்சும் இல்லாமல் ஆர்.எஸ்.புரத்துக்கு எங்களிடம் வந்து, ஒன்றரை வருஷத்தில் நன்றாகவே தேறியிருந்தார். ஒருநாள் ஃபைலைக் கேட்டார். உடுமலையிலேயே புது மனநல டாக்டர் வந்திருக்கிறாராம், வீட்டிலிருந்து பொடிநடைதானாம். நம் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்றேன். மனுஷன் நெளிந்தார்.

"அவரு மூஞ்சியப் பாத்து எப்படிங்க அம்மணி சொல்றது? நான் ஊருக்குப் போயிருக்கறேன்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

பக்கத்து நாற்காலி

ஃபைலைக் கொடுத்தனுப்பி, டாக்டரிடமும் அப்படியே சொல்லிவைத்தேன். அடுத்த மாதம் தோப்புக்காரரிடமிருந்து போன் வந்தது. புது டாக்டர் நல்லவர்தானாம், ஒருமுறை பார்த்தும் இருக்கிறார். இரண்டாம் முறை போனபோது பக்கத்து நாற்காலியில் இவருடைய சம்பந்தி! மகளைக் கொடுத்த வீடு. இருவருக்கும் தூக்கிவாரிப்போட்டது. கண் ஆஸ்பத்திரி என்று நினைத்து நுழைந்துவிட்டதாக இவர் சொல்ல, பல்லுக்கு என்று நினைத்து வந்ததாக அவர் சொல்ல, இருவரும் வெளியே போய் டீ குடித்துவிட்டு வீடு திரும்பிவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் மாத்திரை தீர்ந்து நாலு நாளாகிறது, தூக்கம் பழையபடி போய்விட்டது என்றதும் அடுத்த நாளுக்கே டோக்கன் எழுதிவைத்தேன். நாளைக்கே கிளம்பி வாருங்கள் என்றேன்.

"வாரேனுங்க. ஆனா, ஊருக்குப் போனவன் எப்ப வந்தேன்னு டாக்டர் கேட்டா என்னங்க சொல்றது?"

இரண்டு டோக்கன்

வந்தார். கதவைப் பிடித்தபடி நின்றவரைப் பார்த்து எங்கள் டாக்டர், "வாங்க வாங்க, ஊர்ல எல்லாரும் சௌக்கியங்களா?" என்றார். வெளியே வரும்போது தோப்புக்காரருக்குக் கண் கலங்கியிருந்தது, முகம் நிறையச் சிரிப்பு. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

இரண்டு வாரத்தில் நன்றாகத் தூங்குவதாகப் போன் செய்தார். அடுத்த முறை அவருடைய காரிலிருந்து இன்னொருவரும் தயங்கித் தயங்கி இறங்கினார். சம்பந்தியேதான். தோப்புக்காரர் அவர் தோளில் கைபோட்டுக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தினார்.

"கண்ணுக்கு ஒண்ணு, பல்லுக்கு ஒண்ணு, ரெண்டு டோக்கனாக் குடுங்க அம்மணி!"

இப்போது மாதம் ஒருமுறை கண்ணும் பல்லும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ஊரே கேட்கச் சிரிக்கின்றன. நான் மட்டும் வழக்கம்போல் இருவரையும் எங்கேயும் பார்த்ததே இல்லை.